“அந்த நியூஸ் நீ போட்டதாடி?” - தஞ்சாவூர் விமானமும் அக்காவின் சம்பளமும்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்காமல் தஞ்சாவூரில் இருந்து திருவாரூர் போனேன் என்று யாராவது சொன்னால், எங்கள் ஊரில் நம்ப மாட்டார்கள். போன தை மாதக் கடைசியில் ஒருநாள், அப்பாவின் டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னால் உட்கார்ந்தபடி நானும் அங்கே நின்றேன். ஸ்டேஷனில் நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில் முன்னேயும் பின்னேயும் நகர்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டு பஸ், ஒரு கதிர் அறுக்கும் இயந்திரம், ஒரு கல்யாண வேன்.

அப்போதுதான் தலைக்கு மேல் அந்தச் சத்தம். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு 2020 ஜனவரியில் சுகோய் போர் விமானங்கள் வந்ததில் இருந்து டெல்டாவுக்கு இது பழகிவிட்டது. வயலில் நிற்பவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. கல்யாண வேனில் இருந்த குழந்தைகள் மட்டும் ஜன்னல் வழியே கையை நீட்டி டாட்டா காட்டின.

“இப்ப சண்டை பிளேன் பறக்குது. ஒருகாலத்துல இதே தஞ்சாவூர்ல இருந்து மெட்ராஸுக்கு ஆளுங்க போற பிளேனே இருந்துச்சு, தெரியுமா பாப்பா?” என்றார் அப்பா.

அப்பாவின் பழங்கதைகளில் பாதியை நான் நம்புவதில்லை. இதழியல் டிப்ளோமா முடித்து, சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவளுக்கு எதையும் சரிபார்த்துவிட்டு நம்புவதுதானே அழகு? கேட் திறப்பதற்குள் போனில் தேடிப் பார்த்தேன். அப்பா சொன்னது உண்மை. 1990-களின் தொடக்கத்தில் தஞ்சாவூரையும் சென்னையையும் இணைத்து ஒரு விமானம் பறந்திருக்கிறது. நிறுவனத்தின் பெயர் வாயுதூத். காற்றின் தூதன்.

“நீங்க போயிருக்கீங்களாப்பா?”

“நான் எங்க போறது? மில்லு மொதலாளியைக் கொண்டுபோய் விட்டேன். அம்பாசிடர்ல.”

அப்பாவுக்கு அப்போது இருபத்தோரு, இருபத்திரண்டு வயது இருக்கும். ஒரு ரைஸ் மில் உரிமையாளருக்கு கார் ஓட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் கிளம்பி, அம்மாபேட்டை வழியாகத் தஞ்சாவூர் போய், புதுக்கோட்டை சாலையில் திரும்பினால் விமானத் தளம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்ட ஓடுபாதை. “நம்ம ஊரு மினி பஸ் சைஸுக்குத்தான் இருந்துச்சு. ரெண்டு பக்கமும் காத்தாடி. அதுல ஏறுறதுக்குக் குனிஞ்சு போவணும். மொதலாளி கொஞ்சம் பெரிய உடம்பு. அவர் ஏறுற வரைக்கும் எனக்குப் பயம்” என்று சொல்லிச் சிரித்தார். திரும்பி வந்த முதலாளி, விமானத்தில் கொடுத்த மிட்டாயைச் சாப்பிடாமல் சட்டைப்பையில் வைத்து அப்பாவிடம் கொடுத்தாராம். “சாதா ஆரஞ்சு மிட்டாய்தான். ஆனா மேல போயிட்டு வந்த மிட்டாய்ல?”

சரக்கு ரயில் போனது. கேட் திறந்தது. எனக்குத்தான் அந்த விமானம் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வாயுதூத், அரசாங்கம் பெற்ற பிள்ளை. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து 1981 ஜனவரியில் தொடங்கின. முதலில் வடகிழக்கு மாநிலங்களுக்காகத்தான் யோசித்தார்கள். மலையும் காடும் ஆறும் குறுக்கே கிடக்கிற ஊர்களுக்குச் சின்ன விமானம் விட வேண்டும். லாபம் பார்க்கக் கூடாது. நல்ல யோசனை. பிறகு மற்ற மாநிலங்களும் ‘எங்களுக்கு?’ என்று கேட்க ஆரம்பித்தன. ஒவ்வொரு எம்.பி-க்கும் தன் தொகுதியில் ஒரு விமானம் இறங்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றுவது இயற்கைதானே? 1980-களின் இறுதியில் வாயுதூத்தின் வரைபடத்தில் சுமார் நூறு ஊர்கள் இருந்தன. தமிழ்நாட்டில் நெய்வேலிக்கும் அது போனது. எங்கள் தஞ்சாவூருக்கும் வந்தது.

சிறிய ஊர்களுக்கு அது பயன்படுத்தியவற்றில் முக்கியமானது டோர்னியர் 228. ஜெர்மன் வடிவமைப்பு, கான்பூரில் ஹெச்.ஏ.எல் தயாரித்தது. மொத்தம் 19 இருக்கைகள். அப்பா சொன்ன மினி பஸ் கணக்கு ஏறக்குறைய சரிதான்.

இந்த 19-ஐ வைத்து ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். தினமும் ஒருமுறை தஞ்சாவூரில் இருந்து போய், ஒருமுறை திரும்பி வந்தால் 38 இருக்கைகள். மாதத்துக்கு 1,140. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் அந்த நாளில், மீட்டர்கேஜ் ரயிலில் ராத்திரி படுத்தால் காலையில் எழும்பூரில் இறங்கிவிடலாம் என்கிறபோது, பல மடங்கு காசு கொடுத்து விமானத்தில் போகிற ஆள் மாதாமாதம் ஆயிரம் பேர் வேண்டும். மில் முதலாளி வருஷத்துக்கு எத்தனை தடவை போனார் என்று அப்பாவிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, “ரெண்டு தடவை. மூணாவது தடவை ரயில்லயே போறேன்னுட்டார்” என்றார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் ஊருக்கு விமானம் தேவைதான். ஆனால் தினமும் தேவையில்லை. யாருக்காவது நெஞ்சுவலி என்றால் தேவை. மகன் வெளிநாட்டில் இருந்து சாவுக்கு வர வேண்டும் என்றால் தேவை. விமானமோ தினமும் பறந்தாக வேண்டும். தரையில் நின்றாலும் அதற்குச் செலவு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. டெல்டாக்காரர்கள் விமானமே ஏறாதவர்கள் இல்லை. எங்கள் பக்கத்துக் கூத்தாநல்லூருக்கு ‘சின்ன சிங்கப்பூர்’ என்றே பெயர். மன்னார்குடி, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி என்று எங்கே பார்த்தாலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் ஆள் இருக்கிற வீடுதான். அவர்கள் எல்லோரும் ஏறுவது திருச்சியில். எங்கள் ஆட்களுக்கு விமானம் என்றால் கடல் தாண்டுவது. சென்னைக்குப் போக ரயில் இருக்கிறது. இப்போது மன்னை எக்ஸ்பிரஸே எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது.

போதுமான பயணிகள் இல்லை என்று தஞ்சாவூர் சேவையை நிறுத்திவிட்டார்கள். வாயுதூத்தும் அதிக நாள் நிலைக்கவில்லை. நஷ்டம் ஏறிக்கொண்டே போனது. இடையில் விபத்துகள். 1988 அக்டோபரில் குவாஹாத்தி அருகே அதன் ஃபாக்கர் விமானம் விழுந்து, அதிலிருந்த 34 பேரும் இறந்துபோனார்கள். 1993-ல் இந்தியன் ஏர்லைன்ஸோடு வாயுதூத்தை இணைத்தார்கள். அதில் ஒரு வரியை மட்டும் நான் இரண்டு மூன்று முறை படித்தேன். வாயுதூத் ஊழியர்களை இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் எடுத்துக்கொண்டன. கம்பெனி போனது, வேலை போகவில்லை.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா மகள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். எங்கள் குடும்பத்திலேயே முதலில் விமானம் ஏறியவள் அவள்தான். அதுவும் பயணியாக இல்லை, ஊழியராக. ப்ளஸ் டூ முடித்ததும் ஏவியேஷன் கோர்ஸ் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். பெரியம்மாவின் காசுமாலை பேங்க்கில் அடகுக்குப் போனது. “பொண்ணு பறக்கப்போவுது, காசுமாலை கெடந்தா என்ன” என்று பெரியப்பா பெருமையாகத்தான் சொன்னார். ஒரு சின்ன விமான நிறுவனத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை கிடைத்தது. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. அக்கா இன்னும் அந்தத் துறையில்தான் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். பெயரைப் போடாதே என்று கேட்டுக்கொண்டாள்.

ஊதா நிற யூனிஃபார்ம், கழுத்தில் ஸ்கார்ஃப், கொண்டை. தீபாவளிக்கு வந்தபோது அந்த ஸ்கார்ஃபைக் கட்டக் கற்றுக்கொடுத்தாள். எனக்கு அது கடைசி வரை வரவில்லை. ‘சூரரைப் போற்று’ படத்தை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தபோது, கடைசிக் காட்சியில் பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா மட்டும், “அதுக்கப்புறம் நடந்ததை எடுக்கலை பாரு” என்றாள். அவள் சொன்னது சரி. அந்தப் படத்துக்கு ஆதாரமான கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் 2003-ல் தொடங்கி, ஒரு ரூபாய் டிக்கெட் எல்லாம் கொடுத்து நாட்டையே பேசவைத்தது. 2007-ல் கிங்ஃபிஷர் கைக்குப் போனது. 2012-ல் கிங்ஃபிஷரே தரையிறங்கிவிட்டது.

சின்ன விமான நிறுவனங்களின் கதையைப் படிக்கப் படிக்க, எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. சென்னையில் காற்றாலை வியாபாரம் செய்த என்.இ.பி.சி குழுமம் 1990-களில் விமானம் விட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நிறுத்தியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரமவுன்ட் 2005-ல் வந்தது, முழுக்க பிசினஸ் கிளாஸ் என்று அசத்தியது, 2010-ல் நின்றது. பெங்களூரின் ஏர் பெகாசஸ் 2015-ல் கிளம்பி 2016-ல் முடிந்தது. கோயம்புத்தூரின் ஏர் கார்னிவல் 2016-ல் கிளம்பி 2017-ல் முடிந்தது. சேலத்துக்காரர்களிடம் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். அவர்கள் ஊர் விமான நிலையம் 1993-ல் திறந்தது. என்.இ.பி.சி வந்து சில மாதங்களில் போனது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, 2011-ல் போனது. 2018-ல் உடான் திட்டத்தில் மறுபடியும் வந்து, மறுபடியும் நின்றது. 2023 அக்டோபரில் இன்னொரு முறை தொடங்கியிருக்கிறது. இந்த முறை நிலைக்கட்டும்.

ஏன் இத்தனை சீக்கிரம் சாய்கின்றன? அக்காவிடம் கேட்டபோது அவள் சொன்ன முதல் விஷயம் எனக்கு ஆச்சர்யமாக இருந்தது. “பிளேன் எங்களது இல்லடி. வாடகை.”

எங்கள் ஊர் ஆளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அறுப்புக் காலத்தில் ஆத்தூர், சேலம் பக்கமிருந்து கதிர் அறுக்கும் இயந்திரங்கள் வரும். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. காசு வரவில்லை என்றால் இயந்திரம் வரப்பேறி அடுத்த வயலுக்குப் போய்விடும். உங்கள் நெல் நின்றபடியே நனையும். விமானமும் அப்படித்தான். அயர்லாந்து மாதிரி எங்கோ இருக்கிற ஒரு நிறுவனத்துடையது. மாதா மாதம் டாலரில் வாடகை. ரூபாய் மதிப்பு இறங்கினால் வாடகை தானாக ஏறும். தவணை தவறினால், பதிவை ரத்துசெய்து விமானத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் கேட்டுவிடுவார்கள். கிங்ஃபிஷர் விவகாரத்தில் வாடகைக்காரர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, 2015-ல் விதிகளைத் திருத்தி இதை வேகமாக்கினார்கள். பத்து விமானம் இருக்கிற கம்பெனியில் ஒன்று போனால் சமாளிக்கலாம். இரண்டோ மூன்றோ வைத்திருக்கிற கம்பெனியில் ஒன்று பழுதாகி நின்றாலே பாதி டிக்கெட்டுக்குப் பணம் திருப்பித் தர வேண்டும்.

அடுத்தது எரிபொருள். நம் நாட்டில் விமானச் செலவில் பெரும்பங்கு அதற்குத்தான். மாநில அரசுகளின் வரி வேறு. 80 இருக்கைக்குக் குறைவான விமானங்களுக்கு இறங்கும் கட்டணம் கிடையாது, சிறிய விமானங்களுக்கு எரிபொருள் வரி குறைவு என்று அரசு சலுகைகள் தந்திருக்கிறது. சின்ன நிறுவனங்கள் 70 இருக்கைகள் கொண்ட ஏ.டி.ஆர் விமானத்தையே தேடிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனாலும் பெரிய நிறுவனம் ஒன்று அதே ஊருக்கு, அதே நேரத்துக்கு, ஐந்நூறு ரூபாய் குறைத்து டிக்கெட் போட்டால் கதை முடிந்தது.

அக்காவுக்கு முதலில் சம்பளம் பத்து நாள் தள்ளி வந்தது. பிறகு ஒரு மாதம் தள்ளி. அதன்பிறகு பாதிச் சம்பளம். “சிங்கப்பூர்ல இருந்து இன்வெஸ்டர் வர்றாராம்” என்று ஆபீஸில் சொன்னார்களாம். துபாயில் இருந்து வருகிறார் என்றும் சொன்னார்களாம். யாரும் வரவில்லை.

நான் அப்போது டிப்ளோமா முடித்துவிட்டு ஒரு இணையதளத்தில் பயிற்சியில் இருந்தேன். இரவு ஷிஃப்ட். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஏஜென்சி செய்தி வந்தது: அந்த நிறுவனத்தின் சேவை ‘தற்காலிகமாக’ நிறுத்தம். எங்கள் டெஸ்க்கில் இந்த ‘தற்காலிக’த்தைப் பார்த்தாலே சிரிப்போம். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றதும் ‘தற்காலிகமாக’த்தான். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்குப் போன் செய்துவிட்டுப் போடலாமா என்று ஒரு நொடி கை நின்றது. “என்னம்மா, மத்தவங்க எல்லாம் போட்டாச்சு” என்றார் ஷிஃப்ட் பொறுப்பாளர். ஏழு வரி. தலைப்பு. ஒரு கோப்புப் படம். பப்ளிஷ். நோட்டிஃபிகேஷன். எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம்.

போனை எடுப்பதற்குள் அவளே அழைத்தாள்.

“அந்த நியூஸ் நீ போட்டதாடி?”

“ஆமாக்கா.”

“எங்க ஸ்டாஃப் குரூப்ல உங்க லிங்க்தான் ஓடுது. ஆபீஸ்ல இருந்து ஒருத்தரும் வாயைத் திறக்கலை. நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு எனக்கு ட்யூட்டி. போவணுமா, வேணாமா?”

அவள் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டாளே, அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. என் ஏழு வரியில் எத்தனை விமானங்கள், எத்தனை ஊர்கள் என்றெல்லாம் இருந்தது. ஐந்து மணி ட்யூட்டிக்குப் போக வேண்டுமா என்பது இல்லை.

போனாள். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டுதான் போனாள். செய்தி தெரியாமல் வந்திருந்த பயணிகள் கவுன்ட்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். அம்மாவின் ஆபரேஷனுக்குப் போக வேண்டிய ஒருவர், இன்டர்வியூவுக்குக் கிளம்பி வந்த ஒரு பையன், கைக்குழந்தையோடு ஒரு பெண். பணத்தைத் திருப்பிக் கொடு என்று கத்தினார்கள். அவளுக்கே மூன்று மாதச் சம்பளம் பாக்கி. “யூனிஃபார்ம்ல நின்னதாலதான் திட்டுனாங்க. சாதா டிரஸ்ல போயிருந்தா நானும் அவங்களோட சேர்ந்து திட்டியிருப்பேன்” என்று பின்னாளில் சொன்னாள். மதியம் வரை நின்று, ஒவ்வொருவருக்கும் வேறு விமானத்தில் இடம் இருக்கிறதா என்று தன் சொந்தப் போனில் தேடிக் கொடுத்திருக்கிறாள். அந்த மாத டேட்டா அன்றே தீர்ந்துபோனதாம். அதை மட்டும் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

காசுமாலையைப் பெரியப்பா ஒன்றரை வருடம் கழித்து, குறுவை நெல் போட்ட காசில் மீட்டார்.

கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனதும் ஊழியர்கள் தங்கள் பாக்கியைக் கேட்டு ‘படிவம் டி’ கொடுக்க வேண்டும் என்றார்கள். அந்தப் படிவத்தை நானும் அக்காவும் நீடாமங்கலத்தில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நிரப்பினோம். திவால் சட்டப்படி சொத்துகளை விற்க நேர்ந்தால், தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கியும் அடமானக் கடன் கொடுத்தவர்களின் கடனும் ஒரே வரிசையில் வரும். மற்ற ஊழியர்களின் 12 மாதப் பாக்கி அதற்கு அடுத்த வரிசை. அக்கா அந்த அடுத்த வரிசை. விற்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை. விமானங்களை வாடகைக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் இருந்தது கம்ப்யூட்டர், நாற்காலி, பெயர்ப் பலகை. வாயுதூத் ஊழியர்களைப் பற்றிய அந்த ஒரு வரியை நான் ஏன் திரும்பத் திரும்பப் படித்தேன் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உடான் திட்டம் வந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறதா? சின்ன ஊர் விமானத்துக்கு, பாதி இருக்கைகளை ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று ஆரம்பத்தில் கட்டுப்படுத்தி, நஷ்டத்தை மூன்று வருடம் அரசு ஈடுகட்டும் திட்டம். நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2023-ல் வெளிவந்த சி.ஏ.ஜி அறிக்கையைப் படித்தபோது மனசு இறங்கிவிட்டது. முதல் மூன்று கட்டங்களில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 371-தான் தொடங்கின. அவற்றில் மூன்று வருடத்தை முடித்தவை 112. உதவி நின்ற பிறகும் 2023 மார்ச் வரை ஓடிக்கொண்டிருந்தவை 54. மூன்று வருடம் கைபிடித்து நடத்தினாலும், கையை விட்டதும் பாதி விழுகின்றன.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. வாயுதூத்தில் பறந்த அதே டோர்னியர், 2022 ஏப்ரலில் அஸ்ஸாமின் திப்ருகரில் இருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்குப் பயணிகளோடு பறக்க ஆரம்பித்தது. சாலை வழியே சுற்றிப் போக வேண்டிய ஊர் அது. அங்கே அந்தச் சின்ன விமானம் நஷ்டத்தில் ஓடினாலும் ஓடட்டும் என்றே நினைக்கிறேன். தஞ்சாவூருக்கு அதே வாதத்தை வைக்க எனக்கு வாய் வரவில்லை. எங்களுக்குத் திருச்சி இருக்கிறது, ராத்திரி ரயில் இருக்கிறது.

ஆனால் தஞ்சாவூரும் உடான் பட்டியலில் இருக்கிறது. நெய்வேலி, வேலூர், ராமநாதபுரத்தோடு சேர்த்து எங்கள் ஊர்ப் பெயரும் பேப்பரில் அடிக்கடி வருகிறது. பயணிகள் முனையம் கட்டப்போகிறார்கள் என்று நானே இரண்டு முறை செய்தி போட்டிருக்கிறேன்.

கேட்டில் நின்ற அன்றைக்குச் சாயந்திரம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா இப்போது திருச்சியில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருக்கிறாள். அன்று லீவில் வந்திருந்தாள். அப்பாவின் மிட்டாய்க் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

“தஞ்சாவூர்ல டெர்மினல் வந்தா, கவுன்ட்டருக்கு ஆள் எடுப்பாங்கல்ல? நியூஸ் வந்தா போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுடி.”